74.83: ஏ கிளாஸ் வாசலில் ஆறு மாதம்

நான் கைத்துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்பவன். அங்கே திறமையைப் பொறுத்து நம்மை கிளாஸ் கிளாஸாகப் பிரிப்பார்கள், அதில் ஏ கிளாஸுக்கு 75 சதவீதம் வேண்டும். 73-க்கும் 75-க்கும் நடுவில் நான் ஆறு மாதம் ஆடிக்கொண்டிருந்தேன், அதில் மிக நெருங்கிப் போனது 74.83. அந்த எண்ணைப் போனில் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை. இப்போது யோசித்தால் அந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சுடுவது யூ.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டிகளில். 1976-இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில், கைத்துப்பாக்கிப் பயிற்சியாளரான ஜெஃப் கூப்பர் தலைமையில் ஐ.பி.எஸ்.சி. என்ற உலக அமைப்பு தொடங்கியது, அதன் அமெரிக்கக் கிளையாகத் தொடங்கியதுதான் இது. கையில் கைத்துப்பாக்கி, இடுப்பில் உறை, டைமர் ஒலித்ததும் எடுத்து, ஓடி, சுவர்களுக்குப் பின்னாலும் இடுக்கு வழியாகவும் அட்டை டார்கெட்களையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். விளையாட்டே இந்த ஒரு வகுத்தல் கணக்குதான்.

கிளாஸ் என்பது தனி. போட்டியில் ஒவ்வொரு சுற்றையும் ஸ்டேஜ் என்பார்கள். கிளாசிஃபையர் என்று ஒரே மாதிரி அளவெடுத்து அமைக்கும் சிறு ஸ்டேஜ்கள் உண்டு, நாட்டில் எந்த ரேஞ்சில் சுட்டாலும் அதே தூரம், அதே டார்கெட். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டிவிஷனிலும் (துப்பாக்கி வகையைப் பொறுத்த பிரிவு) ஓர் உச்ச ஹிட் ஃபேக்டர் வைத்திருக்கிறார்கள், நாம் அதில் எத்தனை சதவீதம் எடுத்தோம் என்பதுதான் நம் மதிப்பெண். நான்கு மதிப்பெண் சேர்ந்தால் முதல் கிளாஸ் கிடைக்கும். 40-க்குக் கீழே டி, 40 முதல் சி, 60 முதல் பி, 75 முதல் ஏ, 85 முதல் மாஸ்டர், 95 முதல் கிராண்ட் மாஸ்டர். முதல் கிளாஸ் கிடைத்த பிறகு, கடைசி எட்டு மதிப்பெண்களில் சிறந்த ஆறின் சராசரிதான் கணக்கு.

இந்தக் கடைசி வரியைக் கவனிக்காமல் விட்டதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. என் எட்டு மதிப்பெண்கள் 78, 76, 75, 74, 71, 69, 61, 58. சிறந்த ஆறின் சராசரி 73.83. அடுத்த போட்டியில் 84 எடுத்தேன், என் வாழ்நாளில் சுட்ட மிக நல்ல கிளாசிஃபையர் அது. கணக்குப் போடாமலே ஏ கிளாஸ் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் புதிதாக ஒன்று உள்ளே வந்தால் மிகப் பழையது வெளியே போகும், வெளியே போனது என் 78. சராசரி 74.83. போனது 61-ஆக இருந்திருந்தால் 76.33 வந்திருக்கும். ஆக, ஒரு நாள் அதிசயமாகச் சுட்டு மேலே ஏற முடியாது, சாதாரண நாளில் என்ன சுடுகிறோமோ அதுதான் கிளாஸ்.

டி-யிலிருந்து சி-க்கு ஏறியதைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. தவறவிடாமல் சுட்டாலே ஏறிவிடலாம். டார்கெட்டில் ஏ மண்டலம் ஐந்து புள்ளி, சி மூன்று, டி ஒன்று (நான் சுடுவது கேரி ஆப்டிக்ஸ், அதாவது குறி வைக்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் லென்ஸ் பொருத்திய துப்பாக்கிகளின் டிவிஷன், அதில் எல்லோருக்கும் மைனர் என்ற, வலு குறைந்த தோட்டாவுக்கான மதிப்பீடுதான்). படாமல் போனால் கழிவு பத்து. கிடைக்க வேண்டிய ஐந்தும் போய், இன்னும் பத்தும் போகிறது, ஆக ஒரு தவறிய குண்டு 15 புள்ளி. முதல் நான்கு மாதத்தில் இதை மட்டும் சரிசெய்தேன். அப்புறம் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பழக்கம், அது கிளாஸுக்கெல்லாம் முன்னால் வர வேண்டியது. இங்கே இருக்கும் நம் ஆட்களுக்காக ஒன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மத்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. நான் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தேன். மாநிலச் சட்டங்கள் வேறு தனித்தனியாக உண்டு, விசாரிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சி-யிலிருந்து பி-க்கு என்னைக் கொண்டுபோனது வீட்டுப் பயிற்சி. டிரை ஃபயர் என்பார்கள், தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்து உறையிலிருந்து எடுப்பது, குறி வைப்பது, மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) மாற்றுவது. தினமும் 20 நிமிடம், அதற்கு மேல் இல்லை. நான் விடாமல் வைத்திருக்கும் ஒரு விதி: பயிற்சி நடக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பெட்டியை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். நடுவில் போன் வந்து எழுந்து போனால், திரும்பி வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

டைமரில் இத்தனை வினாடி என்று வைத்துவிட்டால் தொடக்கத்துக்கு ஒரு ஒலி, முடிவுக்கு ஒரு ஒலி கொடுக்கும். அதற்குள் எடுத்துக் குறி வைத்து விசையை அழுத்திவிட வேண்டும். 1.6-இல் தொடங்கி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைத்து ஒரு வினாடிக்கு வந்துவிட்டேன். பெருமையாக இருந்தது. ரேஞ்சுக்குப் போய் உண்மையான தோட்டாவோடு சுட்டால் 1.4. எங்கே போனது அந்த 0.4 என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு நாள் வீட்டில் இரண்டாவது ஒலி வந்ததும் அப்படியே சிலை மாதிரி நின்று என் கைகளைப் பார்த்தேன். இடக்கை துப்பாக்கியைப் பிடித்திருக்கவே இல்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்புப் புள்ளி ஏ மண்டலத்தின் ஓரத்தில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. விசையை மட்டும் நேரத்துக்கு அழுத்திவிட்டு வெற்றி என்று எண்ணியிருந்தேன். வீட்டில் துப்பாக்கி உதைக்காது, அதனால் மோசமான பிடியைக் காட்டிக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒலி வந்ததும் உறைந்து நின்று மூன்றைப் பார்ப்பேன்: இடக்கை இறுக்கமா, புள்ளி நடுவில் நிற்கிறதா, தோள் காதுவரை ஏறியிருக்கிறதா. நேரம் 1.25-க்குத் திரும்பிப் போனது, ஆனால் அந்த 1.25 ரேஞ்சிலும் அப்படியே வந்தது.

இந்தச் சமயத்தில்தான் புதுத் துப்பாக்கி ஒன்றும் வாங்கினேன். கனமானது, விசை மிருதுவானது, நல்ல சாமான்தான். மூன்று மாத மதிப்பெண்களை எடுத்து வைத்துப் பார்த்தேன், ஒரு சதவீதம்கூட நகரவில்லை. அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கியிருந்தால் ஒரு வருடம் சுட்டிருக்கலாம்.

பி-க்கு வந்த பிறகுதான் சுவர். வேகம் வேண்டும், வேகம் வேண்டும் என்று ஒரே நினைப்பு. எனக்கு மேலே இருப்பவர்கள் சுடுவதைக் கேட்டால் தையல் மிஷின் ஓடுவது போல இருக்கும், அதே சத்தத்தை நானும் எழுப்ப வேண்டும் என்று விசையை அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு போட்டியில் எல் பிரெசிடெண்டே வந்தது. கூப்பர் வகுத்த பயிற்சி, 1970-களிலிருந்து இருக்கிறது, கிளாசிஃபையராகவும் வைத்திருக்கிறார்கள். பத்து யார்டு தூரத்தில் மூன்று டார்கெட், நாம் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைகளைத் தோளுக்கு மேல் தூக்கி நிற்க வேண்டும். ஒலித்ததும் திரும்பி (முழுதாகத் திரும்பிய பிறகுதான் துப்பாக்கி உறையை விட்டு வர வேண்டும், முன்னாலேயே வந்தால் போட்டியிலிருந்து வெளியே), ஒவ்வொன்றிலும் இரண்டு, மேகசின் மாற்றி, மறுபடி ஒவ்வொன்றிலும் இரண்டு. மொத்தம் 12 குண்டு, 60 புள்ளி. கூடுதலாக ஒரு குண்டு சுட்டாலும் கழிவு, அதனால் தவறியதைச் செலவில்லாமல் ஈடுகட்டவும் வழியில்லை.

5.6 வினாடியில் முடித்தேன். ஸ்குவாடில் (சேர்ந்து சுடும் குழுவில்) இரண்டு பேர் கைதட்டினார்கள். டார்கெட்டைப் பார்த்தால் எட்டு ஏ, மூன்று சி, ஒன்று காணோம். நாற்பதும் ஒன்பதும் சேர்ந்து 49, பத்து கழித்து 39. ஹிட் ஃபேக்டர் 6.96. சில மாதம் முன்பு இதையே 7.0 வினாடியில், பத்து ஏ இரண்டு சி-யோடு சுட்டிருந்தேன், 56 புள்ளி, ஹிட் ஃபேக்டர் சரியாக 8. 1.4 வினாடி வேகமாகச் சுட்டும் மதிப்பெண் 13 சதவீதம் கீழே. அந்தத் தவறிய ஒரே குண்டு ஏ-யில் பட்டிருந்தால் 9.64.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் ஹிட் ஃபேக்டர் என்பது ஒரு விலைப் பட்டியல் என்று எனக்குப் புரிந்தது. ஹிட் ஃபேக்டர் 8 வரும் ஸ்டேஜில் ஒரு வினாடியின் விலை எட்டுப் புள்ளி. அங்கே ஏ-க்குப் பதில் சி பட்டால் இரண்டு புள்ளி நஷ்டம், அதாவது கால் வினாடி. ஒரு சி-யை ஏ ஆக்கக் கால் வினாடிக்கும் குறைவாகச் செலவானால் லாபம், அதற்கு மேல் போனால் நஷ்டம். தவறவிட்ட குண்டோ கிட்டத்தட்ட 1.9 வினாடி, எவ்வளவு வேகமாகக் கையை ஆட்டினாலும் அதை மீட்க முடியாது. ஹிட் ஃபேக்டர் 4 வரும் கடினமான ஸ்டேஜில் அதே சி அரை வினாடி, அங்கே நின்று நிதானமாக ஏ எடுப்பதுதான் புத்திசாலித்தனம். எல்லா ஸ்டேஜையும் ஒரே வேகத்தில் சுட்டுக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய வெளிச்சம்.

ஆனால் கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது, எந்தக் குண்டு எங்கே போனது என்று சுடும் அந்த நொடியிலேயே தெரிய வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்னை இந்த விளையாட்டுக்கு அழைத்து வந்த அண்ணன் ஒருவர். என்னைவிட 12 வயது மூத்தவர், மாஸ்டர் கிளாஸ். அந்த எல் பிரெசிடெண்டே முடிந்ததும் டார்கெட்டை நோக்கி நடக்கப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, போய்ப் பார்க்காம சொல்லு. எத்தனை ஏ?"

"ஒரு பத்து இருக்கும்ணா."

"மூணாவது டார்கெட்ல கடைசிக் குண்டு எங்க போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் குண்டு வெடித்தபோது புள்ளி எங்கே இருந்தது என்பது மட்டுமல்ல, நான் அந்த டார்கெட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேனா என்பதே நினைவில்லை. தவறியது அந்தக் குண்டுதான். "நீ சுடலை, உன் விரல் சுட்டுச்சு. நீ வேடிக்கை பார்த்தியான்னா அதுவும் இல்லை" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, உடம்பு சரியில்லாதவரிடம் மருத்துவர் சொல்வது மாதிரி சொன்னார்.

அன்று முதல் பயிற்சியில் ஆறு குண்டு சுட்டால், டார்கெட்டிடம் போவதற்கு முன் சின்ன நோட்டில் ஆறு புள்ளி வைப்பேன், எது எங்கே பட்டிருக்கும் என்று. பிறகு போய் ஒப்பிடுவேன். முதல் வாரம் ஆறில் இரண்டுகூடச் சரியில்லை. ஒவ்வொரு குண்டு வெடிக்கும்போதும் சிவப்புப் புள்ளி எந்த இடத்திலிருந்து மேலே துள்ளுகிறது என்று பார்க்கப் பழக வேண்டும், துள்ளிய இடம்தான் குண்டு போன இடம். கண் சிமிட்டினால் அது தெரியாது. நான் ஒவ்வொரு குண்டுக்கும் சிமிட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு வருடமாக, அது எனக்கே தெரியாது. காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு போட்டதும் சிமிட்டல் பாதி குறைந்தது. சத்தத்துக்கு உடம்பு பயப்படுகிறது, அதை மனவுறுதியால் அடக்குவதைவிடச் சத்தத்தைக் குறைப்பது சுலபம்.

இன்னொன்று, நான் டார்கெட்டைப் பார்க்காமல் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெட் டாட் வைத்திருப்பவர்களில் நிறையப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. புள்ளி பிரகாசமாக இருப்பதால் கண் அதைத் துரத்தும், அது ஆடினால் நிறுத்தப் பார்க்கும், அதற்குள் கால் வினாடி போய்விடும். இதற்கு மருந்து, லென்ஸின் முன்பக்கத்தில் பெயிண்டர்கள் ஒட்டும் நீல டேப்பை ஒரு துண்டு ஒட்டுவது. அதன் வழியாக டார்கெட் தெரியாது, புள்ளி மட்டும் தெரியும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால், ஒரு கண் டார்கெட்டைப் பார்க்க, மற்றது புள்ளியைப் பார்க்க, மூளை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். கண் புள்ளியிடம் போன நொடியில் டார்கெட் மறைந்து நீலம் மட்டும் நிற்கும், உடனே மாட்டிக்கொள்வோம். டார்கெட்டிலும் 'மொத்த அட்டை' என்று பார்க்கக் கூடாது. ஏதாவது பழைய ஓட்டையை அடைத்த ஸ்டிக்கரின் ஓரம், அட்டையில் ஒரு கீறல், அப்படி நகம் அளவு இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு டார்கெட்டிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது கண் முதலில் அந்தச் சிறு இடத்தில் போய் உட்கார்ந்தால் துப்பாக்கி தானாகப் பின்னால் வந்து நிற்கும். தோளால் தள்ளிக்கொண்டு போனால் தாண்டிப் போய்த் திரும்பி வரும்.

பயிற்சிக்கு மாதம் 400 ரவுண்டுதான் எனக்குக் கட்டுப்படியாகும், அதில் பாதி ஒரே பயிற்சிக்குப் போனது. ஏழு யார்டில் ஒரு டார்கெட், இரண்டு இரண்டாக, புள்ளி திரும்பி வரக் காத்திராமல் சுடுவது. முதல் குண்டு எங்கே என்பது முக்கியமில்லை, இரண்டாவதைப் பாருங்கள். எனக்கு இரண்டாவது எப்போதும் இடப்பக்கம் கீழே போனது, வலக்கைக்காரர்களில் பலருக்கும் அப்படித்தான். உதைப்பை அடக்க வலக்கை முன்கூட்டியே கீழே தள்ளுகிறது என்று அர்த்தம். வலக்கையைத் தளர்த்தி, இடக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்து, விரல் மட்டும் வேலை செய்யும்படி விட்டபோது இரண்டும் ஒரு உள்ளங்கை அளவுக்குள் விழ ஆரம்பித்தன. இதற்கு எனக்கு ஏழு வாரம் ஆனது.

அப்படி ஒரு வழியாக ஏ வந்தது, 76 சொச்சம். அடுத்த போட்டியிலேயே நான் தகுதிநீக்கம் செய்யப்பட்டேன்.

நீளமான ஸ்டேஜ். வலப்பக்கம் மூன்று டார்கெட் முடித்து, மேகசினை மாற்றிக்கொண்டே இடப்பக்கம் ஓட வேண்டும். நான் வலக்கைக்காரன். இடப்பக்கம் ஓடும்போது உடம்பும் இடப்பக்கம் திரும்பிவிடும், மேகசின் மாற்றத் துப்பாக்கியை வழக்கம்போல் உள்பக்கமாகச் சாய்த்தால் குழல் 180 டிகிரிக் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் பார்க்கும், ஆட்கள் நிற்கும் பக்கம். மாதக்கணக்கில் வீட்டில் நின்ற இடத்திலேயே நின்று மாற்றிப் பழகிய கை அதையே செய்தது. ஆர்.ஓ., அதாவது ஸ்டேஜை நடத்தும் ரேஞ்ச் ஆபிசர், "ஸ்டாப்!" என்று கத்தினார். அப்படியே நின்றேன். அன்லோடு செய்து, உறையில் வைத்து, அவர் எதுவும் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் விசையில் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ஒரு நொடி என் குழல் எந்தப் பக்கம் பார்த்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அவர் செய்தது முழுக்க நியாயம். மீதி நாள் கிளம்பிப் போகாமல் ஸ்குவாடோடு இருந்து டார்கெட்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன்.

இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், கிளாசிஃபையர்கள் பெரும்பாலும் நின்று சுடுபவை. அதை மட்டுமே பழகினால் எழுத்து ஏறும், ஆட்டம் ஏறாது. அடுத்த போட்டியில் எந்த கிளாசிஃபையர் வரும் என்று தெரிந்துகொண்டு, அதே அமைப்பை வைத்து வாரம் முழுக்கப் பழகிவிட்டு வந்து சுடுபவர்கள் உண்டு. விதிப்படி தவறில்லை, ஆனால் அப்படி வாங்கிய கிளாஸோடு பெரிய போட்டிக்குப் போனால், அங்கே அதே கிளாஸில் இருக்கும் மற்றவர்களோடுதான் உங்களை நிறுத்துவார்கள். கிளாஸ் தானாகக் கீழே இறங்காது. நானே ஏ வந்த முதல் ஐந்து மாதம் பி கிளாஸ்காரர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒரு டார்கெட் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள், நான் கடைசிக் குண்டு பட்டதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புவேன். அடுத்த இடத்துக்கு வந்து சேரும்போதே துப்பாக்கி கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும், நான் வந்து நின்ற பிறகு தூக்குவேன். ஒரு ஸ்டேஜில் ஐந்து இடம் இருந்தால் இப்படியே இரண்டு மூன்று வினாடி ஒழுகிவிடும். இப்போது வீட்டுப் பயிற்சியில் பாதி நேரம் நடையும் ஓட்டமும்தான், மேகசின் மாற்றும்போது குழல் எங்கே பார்க்கிறது என்பதை மனைவியை வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்க்கிறேன். இடப்பக்கம் ஓடும்போது துப்பாக்கியை மார்புக்கு நேராக வைத்துக்கொள்ளாமல் வலத் தோளுக்கு முன்னால் நிறுத்தி மாற்றுகிறேன், கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

கிளாசிஃபையர் நாளில் நான் செய்வது ஒன்றுதான். "மேக் ரெடி" என்று ஆர்.ஓ. சொன்னதும் அவசரப்படாமல் மேகசினைப் போட்டு, ஸ்லைடை இழுத்து, உறையில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு டார்கெட்டிலும் நான் பார்க்கப் போகும் சிறு இடத்தை ஒரு முறை கண்ணால் தொட்டுவிட்டு வருவேன். "ஸ்டேண்ட் பை"-க்கும் ஒலிக்கும் நடுவே ஒன்றிலிருந்து நான்கு வினாடி இருக்கும். அந்த நேரத்தில் நேரத்தையோ சதவீதத்தையோ நினைக்க மாட்டேன், முதல் டார்கெட்டில் உள்ள அந்தச் சிறு இடம் மட்டும். எல் பிரெசிடெண்டே மாதிரி முதுகைக் காட்டி நிற்பதாக இருந்தால் அந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்வேன்.

போன மாதம் அது மறுபடி வந்தது. 6.1 வினாடி. அன்லோடு செய்து உறையில் வைத்து "ரேஞ்ச் இஸ் கிளியர்" கேட்டதும் அண்ணன் வழக்கம்போல் என்னைப் பார்த்தார். "பதினொன்னு ஏ-ண்ணா. ரெண்டாவது டார்கெட்ல, மேகசின் மாத்தினதுக்கு அப்புறம் ரெண்டாவது குண்டு, வலப்பக்கம் சி." நடந்து போய்ப் பார்த்தோம். ஓட்டை கோட்டுக்கு வெளியே வலப்பக்கம் ஒரு விரல் தள்ளி இருந்தது.